தாத்தா வேட்டைக்குப் போன மலை

சென்ற பொங்கல் விழாவின்போது, நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மருமகன் டோம்பிவிலிக்கு வந்திருந்தார். சுவீடன் நாட்டில் பொறியாளராகப் பணியாற்றுபவர். பந்தி முடிந்து, பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் சொன்ன செய்தியொன்று எங்களை வியப்பில் ஆழ்த்தியது. இலையுதிர் காலம் பிறந்துவிட்டால் அவருடைய அலுவலகத்தில் பல நாற்காலிகள் காலியாகிவிடுமாம். மேலாளர், கணக்கர், லாரி ஓட்டுநர் என்ற வேற்றுமையின்றிக் காட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்களாம். எல்லாம் எல்க் என்னும் மானை வேட்டையாடத்தான். அது குதிரையளவு உயரமானது, அகன்ற கொம்புடையது.

அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடி. அவர்களுள் 3 லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையினர் ஆண்டுதோறும் அரசுக்கு வேட்டைக் கட்டணம் செலுத்துகின்றனர். வடபகுதியில் செப்டம்பரிலும் தென்பகுதியில் அக்டோபரிலும் எல்க் வேட்டை தொடங்குகிறது. புதிதாகத் துப்பாக்கி ஏந்த விரும்புவோர் 1985 முதல் அதற்கென ஒரு தேர்வில் தேறியாக வேண்டும். ஏட்டுப் பாடமும் உண்டு, குறி பார்த்துச் சுடுவதும் உண்டு. 1982ஆம் ஆண்டில் மட்டும் ஒன்றே முக்கால் லட்சம் அளவுக்கு எல்க் மான்களைச் சுட்டார்களாம். ஆயினும் அவ்வினம் அங்கே அழியவில்லை. ஊர்தோறும் வேட்டைக் குழுக்கள் உள்ளன. குறி பார்த்துச் சுட்டவரும், நாயோடு காட்டைக் கலைத்துச் சென்றவரும் இறைச்சியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

"என்னைப் போன்ற ரெயில்வே குமாஸ்தாவும் போகலாமோ?" என்று கேட்டேன்.

"பரீட்சையில் தேறினால் தாராளமாகப் போகலாம், அண்ணா" என்றார். எல்லோரும் சிரித்தோம். மூலையில் அமர்ந்திருந்த என் தந்தையார் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க அப்பாவும் வேட்டைக்குப் போனவர்தான். பரீட்சை எழுதாமலே போனார்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவச் சென்றுவிட்டார்.

அச்சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் பூமியில் பிறந்தவர். மழை பொய்த்த ஓர் ஆண்டில், கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மூணாற்றுத் தேயிலை மலைக்கு ஏறினார். என் தந்தையார் அங்கே லயத்தில் பிறந்து, வாலிபப் பருவத்தில் பம்பாய்க்கு வந்து, தாராவியில் உறவினர் வீட்டில் ஒண்டியிருந்து, பிறகு டோம்பிவிலியில் ஓர் அறை வாங்கினார். முதுமையில் தாத்தாவும் எங்களோடு வந்து தங்கினார். அவருக்கு இடக்கால் சற்றே வளைந்திருக்கும். மாலை வேளைகளில் எங்கள் நடைக்கூடத்தில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளிடம், "நாங்க வேட்டைக்குப் போனோம்" என்று கதையைத் தொடங்குவார். உள்ளேயிருந்து தந்தையாரின் குரல் வரும்: "சுமக்கப் போனீங்க." தாத்தா அதைக் காதில் வாங்காதவர்போல் மேலே சொல்லிக்கொண்டு போவார்.

கதை இதுதான். 1950களில் ஒரு நாள், ஒரு தோட்டத்துத் துரை வரையாட்டு வேட்டைக்குப் புறப்பட்டார். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. கூடாரம், சாமான், சாப்பாடு ஆகியவற்றைத் தூக்கிச் செல்ல ஆறு பேரை அழைத்தார்கள்; அவர்களுள் தாத்தாவும் ஒருவர். இரண்டாம் நாள் காலையில் துரை ஒரு கிழக் கடாவைச் சுட்டார். அதைத் தோளில் சுமந்துகொண்டு பாறைச் சரிவில் இறங்குகையில், பனியில் நனைந்த புல் வழுக்கியது. ஆட்டோடு உருண்ட தாத்தாவுக்குக் கால் முறிந்தது. கொம்பும் தோலும் பங்களாவுக்குப் போயின. இறைச்சியைச் சுமந்தவர்கள் பங்கு போட்டார்கள். கட்டிலில் கிடந்த தாத்தாவுக்கும் ஒரு பங்கு சாக்குத் துணியில் சுற்றி வந்தது. பாட்டி மிளகு அரைத்துச் சமைத்தாள். "என் பங்கு வீடு தேடி வந்தது" என்பதைச் சொல்லும்போது தாத்தாவின் முகம் மலரும். மூன்று மாதம் அரைக் கூலியில் குடும்பம் நடந்ததை அவர் சொல்லமாட்டார். அதைச் சொல்வது தந்தையாரின் பங்கு.

அந்த மலையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றிரவே எனக்கு உண்டாயிற்று. மே மாதத்தில் பாஸ் எழுதி வாங்கினேன். "நீங்களும் வாருங்கள் அப்பா" என்று அழைத்தேன். "நான் பார்த்த மலைதானே" என்று மறுத்துவிட்டார். மனைவியையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு, கல்யாணில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி மதுரையில் இறங்கினேன்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குக் காலை வண்டியில் சென்றோம். 1928இல் மீட்டர்கேஜாக அமைந்த 90 கிலோமீட்டர்ப் பாதை அது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010இன் இறுதியில் மூடினார்கள். 2023 ஜூனில்தான் போடி வரையில் வண்டி மீண்டும் ஓடிற்று. இந்தப் பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்தைப் பற்றி ரெயில்வேக்காரனாகிய நான் பேசாதிருப்பதே மரியாதை. போடியில் இறங்கியதும் ஏலக்காய் மணம் வரவேற்றது. அங்கிருந்து பேருந்து போடிமெட்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாற்றில் கொண்டுபோய் விட்டது.

மூணாற்றிலும் ஒரு காலத்தில் ரெயில் ஓடிற்று என்று சொன்னால் நம் அலுவலகத்திலேயே பலர் நம்பமாட்டார்கள். 1902இல் தரையில் பதித்த ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் மாடுகள் வண்டி இழுத்தன. 1908இல் அதுவே இரண்டடி அகலப் பாதையாகி, நீராவி எஞ்சின் வந்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரெயிலில் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 ஜூலை வெள்ளம் பாலங்களையும் தண்டவாளங்களையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் யாரும் போடவில்லை. பழைய ஸ்டேஷன் கட்டடம் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாக இருக்கிறது. அதன் முன்னால் நின்று மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி கடிகாரத்தைக் காட்டினாள்.

மறுநாள் விடியற்காலையில் இரவிகுளம் தேசியப் பூங்காவின் நுழைவாயிலாகிய ஐந்தாம் மைலுக்குச் சென்றோம். 97 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள அப்பூங்காவில் பார்வையாளர்களை அனுமதிப்பது இராஜமலைப் பகுதியில் மட்டுமே. ஆடுகள் குட்டி ஈனும் காலமாகிய பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதையும் மூடிவிடுகிறார்கள். வனத்துறையின் சிறு பேருந்து எங்களை மேலே ஏற்றிச் சென்று விட்டது. எதிரே 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, பெயருக்கேற்றவாறு யானை மத்தகம்போல் மேகத்துக்குள் தலை நீட்டிக்கொண்டிருந்தது. புல்வெளி, பாறை, பனி. தினமும் லோக்கல் வண்டியின் வாசலில் ஒரு காலில் தொங்கிச் செல்பவனுக்கு அந்த வெட்டவெளி முதலில் அச்சத்தையே தந்தது.

திருப்பத்தில் ஒரு பெண் ஆடு நின்றது. பக்கத்தில் குட்டி. எங்களைப் பார்த்து ஓடவில்லை. புல்லை மென்றுகொண்டே நடந்து வந்து, என் மகன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்துத் தடுத்தேன். நல்ல வேளையாக அவனும் அசையவில்லை.

சற்றுத் தொலைவில், பாறை விளிம்பில் ஒரு கடா தெரிந்தது. கருத்த உடல், பின்னோக்கி வளைந்த கொம்பு, முதுகில் சேணம் போட்டாற்போல் வெண்சாம்பல் திட்டு. இத்தகைய முதிர்ந்த கடாவைத்தான் துரைமார்கள் 'சேடில்பேக்' என்று அழைத்தார்கள். தாத்தா உருண்டதும் இப்படி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டுதான். பெண் ஆட்டைவிட ஏறத்தாழ இருமடங்கு எடை. நூறு கிலோவை எட்டும். அந்தச் சரிவைப் பார்த்தேன். வெறுங்கையோடு இறங்கவே எனக்குத் துணிவு வராது.

அங்கே காவலுக்கு நின்ற வனத்துறைக் காவலர் முதுவர் குடியைச் சேர்ந்த பெரியவர். அவர் பேச்சு நம் தமிழுக்கு நெருங்கியதாகவே இருந்தது. என் தாத்தாவின் கதையைச் சொன்னேன். "எங்கப்பனும் துரைமாரோட போனவருதான். தடம் காட்டுனது நாங்க, துப்பாக்கி அவுங்க" என்றார். முன்பு உப்பு வைத்து ஆடுகளைப் பழக்கினார்களாம்; அந்தப் பழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, மனிதரைக் கண்டு ஓடுவதில்லையாம்.

இவ்விடத்தில் நான் விரும்பாத ஓர் உண்மையை எழுதியாக வேண்டும். வரையாட்டை இந்த மலையில் காத்தவர்கள் அதைச் சுட்டவர்களே. 1895 முதலே இவ்விடம் துரைமார்களின் வேட்டைக்காடாக ஒதுக்கப்பட்டிருந்தது. 1928இல் தோட்டத் துரைமார்கள் தங்களுக்குள் வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். முதிர்ந்த கடாவைத் தவிர வேறொன்றைச் சுடலாகாது. அதிலும் எண்ணிக்கை வரம்பு உண்டு. கண்ணி வைப்போரைத் தடுக்க முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். காட்டுத்தீ பரவாதிருக்க, முதுவர்களே காலமறிந்து புல்லைத் திட்டுத்திட்டாக எரித்தார்கள். நீலகிரியில் இதற்கு முன்னோடியாக 1879இலேயே வேட்டைச் சட்டம் வந்துவிட்டது. தோட்டக்காரர்களின் நிலத்தை அரசு மீட்பதற்கான சட்டம் கேரளத்தில் 1971இல் இயற்றப்பட்டது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை வேட்டையாடுவதை அறவே தடுத்தது. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. வேறு பல மலைகளில் இவ்வாடு அற்றே போய்விட்ட நிலையில், இன்று ஒரே இடத்தில் மிகுதியாக வாழ்வது இங்கேதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு, நம் சங்கப் பாடல்களில் 'வருடை' என்று வருவது, இன்று மேற்குத்தொடர்ச்சி மலை முழுவதிலும் மூவாயிரத்தை எட்டவில்லை. தமிழ்நாட்டில் 2024இல் எடுத்த கணக்கில் 1,031 ஆடுகளே இருந்தன.

துப்பாக்கி பிடித்தவர் காவலராவது நம் மும்பைக்கும் புதிதன்று. 1883இல் இங்கே தோன்றிய இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பழைய உறுப்பினர் பலர் வேட்டைப் பிரியர்கள். அச்சங்கத்தின் பெருமைக்குரிய சாலிம் அலி, சிறுவனாயிருந்தபோது தாம் சுட்ட குருவி ஒன்றின் தொண்டை மஞ்சளாக இருக்கக் கண்டு, அது என்ன குருவி என்று கேட்க அங்கே போனதிலிருந்துதான் பறவை நூல் பக்கம் திரும்பினார்.

இவையெல்லாம் சரியே. ஆயினும் என் மனம் முழுவதும் ஒப்பவில்லை. சுவீடனில் காட்டைக் கலைத்தவனுக்கும் பங்கு உண்டு. மறுவாரம் அவனும் குறி பார்க்கலாம். மூணாற்றில் தடம் காட்டியவர் வாழ்நாளெல்லாம் தடமே காட்டினார், சுமந்தவர் சுமந்துகொண்டேயிருந்தார். ஆடு பிழைத்ததற்கான பெருமையைப் பகிரும்போது சங்கத்தின் பெயரைச் சொல்கிறோம்; புல்லை எரித்துத் தீயைத் தடுத்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை. அதே நேரத்தில், தாத்தா 'நாங்க' என்று சொன்னதைப் பொய்யென்று தள்ளவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சரிவை நேரில் பார்த்த பிறகு, அங்கே ஆட்டைச் சுமந்து இறங்கியவனை வேட்டைக்காரன் அல்லன் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மகன் பேருந்தில் திரும்புகையில் கேட்டான்: "அப்பா, கொள்ளுத்தாத்தாவுக்கு அந்த ஆடு பாவம்னு தோணலையா?" தாத்தாவிடம் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. அவருக்கு அது பசியுள்ள வீட்டுக்கு வந்த கறி என்று சொல்ல நினைத்தேன். ஆனால் காலையில் அவன் பக்கத்தில் நின்ற குட்டியை நினைத்து, "தெரியவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

டோம்பிவிலிக்குத் திரும்பிய இரவு, தந்தையாரிடம் கைப்பேசியில் படங்களைக் காட்டினேன். "ஆடு இவ்வளவு கிட்ட நின்றது, அப்பா" என்று கையை நீட்டிக் காட்டினேன். "கிட்டவா? அது மனுஷ வாடை பட்டால் மலை தாண்டிடும்" என்று நம்ப மறுத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பாறை விளிம்பில் கடா நின்ற படத்தை விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கினார். ஆடு படத்திற்கு வெளியே போய்விட்டது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதன் பின்னாலிருந்த சரிவை.

"புல்லு அப்படியேதான் இருக்கு" என்றார்.