மந்தையின் குரல்

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு மந்தை, மேய்ப்பர் என்னும் சொற்கள் சிறுவயதிலேயே பழகிவிடுகின்றன. அவை அன்பின் உருவகங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஆடுகளுக்குப் பேச்சில்லை என்பதையும் அந்த உருவகம் ஓசையின்றிச் சொல்லிவிடுகிறது. பங்குத்தந்தையின் முடிவு எதையும் என் அம்மா கேள்வி கேட்டதில்லை. "சாமி சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்பார். அத்தகைய வீட்டில் வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பொதுநிலையினர் 2002இல் எழுப்பிய குரல் என் மனத்தைவிட்டு அகலவே இல்லை.

அந்த ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் ஜான் கேகன் என்னும் குருவானவரைப் பற்றிய செய்தியை வெளியிட்டது. சிறுவயதில் அவரால் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக 130க்கும் மேற்பட்டோர் கூறியிருந்தனர். அதைவிடக் கொடியது, அவரது நடத்தை மேலிடத்துக்குத் தெரிந்திருந்தும் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு அவர் மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தார் என்பதுதான்.

வெல்லஸ்லி என்னும் புறநகரில், புனித யோவான் ஆலயத்தின் நிலவறையில் சிலர் கூடிப் பேசத் தொடங்கினர். கோபத்தையும் அழுகையையும் கொட்டித் தீர்க்கத்தான் முதலில் கூடினார்கள். அதிலிருந்து 'விசுவாசிகளின் குரல்' என்னும் இயக்கம் உருவானது. பாதிக்கப்பட்டோருக்குத் துணைநிற்பது, நேர்மையான குருக்களை ஆதரிப்பது, திருச்சபையின் நிர்வாக அமைப்பில் மாற்றம் கோருவது ஆகிய மூன்றே அதன் நோக்கங்கள். அவ்வாண்டு ஜூலையில் நடந்த மாநாட்டுக்கு ஏறத்தாழ 4,000 பேர் வந்தனர். குருக்களின் மணத்துறவு, பெண்களுக்குக் குருத்துவம் போன்ற கேள்விகளில் இயக்கம் எந்தப் பக்கமும் சாயவில்லை. அதனால் பழமைவாதிகள் அதை ஐயுற்றனர். தீவிரச் சீர்திருத்தவாதிகளோ அதைக் கோழைத்தனம் என்றனர்.

மேலிடத்தின் மறுமொழி எப்படி இருந்தது? மறைமாவட்ட நிர்வாகத்தின் கைக்குப் போகாமல் நேராக அறப்பணிகளுக்குச் சேரட்டும் என்று இயக்கத்தினர் திரட்டிய நிதியைக் கர்தினால் பெர்னார்ட் லாவின் நிர்வாகம் ஏற்க மறுத்தது. இயக்கத்தின் புதிய கிளைகள் பங்கு வளாகங்களில் கூடவும் தடை வந்தது. தங்கள் காணிக்கையில் எழுந்த கட்டடத்திலேயே அவர்கள் அந்நியராயினர். டிசம்பரில் 58 குருக்கள் கர்தினாலைப் பதவி விலகக் கோரிக் கையெழுத்திட்டனர். 13ஆம் நாள் அவர் விலகினார்.

இவர்கள் கேட்டது புதிய உரிமையும் அன்று. திருச்சபையின் நன்மையைப் பொறுத்தவற்றில் தம் கருத்தை ஆயர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமையும், சிலவேளைகளில் கடமையும் உண்டு என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212ஆம் பிரிவே கூறுகிறது.

"இவ்வளவு கசப்பு என்றால் வெளியேறிவிடலாமே?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பாதிக்கப்பட்ட ஒருவர் வெளியேறினால் அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கேள்வி கேட்பவர்கள் அனைவரும் போய்விட்டால், எஞ்சும் கோயிலில் அடுத்த குழந்தையை யார் காப்பது?

தங்கியிருப்பதற்கு விலை உண்டு. 2004இல் பாஸ்டன் உயர்மறைமாவட்டம் பல பங்குகளை மூட முடிவெடுத்தபோது, சிச்சுவேட் என்னும் கடலோர ஊரின் மக்கள் தங்கள் ஆலயத்தைவிட்டு வெளியேற மறுத்தனர். முறைவைத்து இரவும் பகலும் உள்ளேயே காவலிருந்தனர். வத்திக்கானிலும் நாட்டு நீதிமன்றங்களிலும் முறையிட்டுத் தோற்றனர். 11 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தக் காத்திருப்பு 2016 மே மாதம் முடிந்தது. கோயில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2023 அக்டோபரில் ரோமில் கூடிய ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். அதை நிலவறைக் கூட்டங்களின் நேரடி விளைவு என்று சொல்வது மிகையாகும். எனினும் கேட்டுப் பழகாத செவிகளைப் பேசிப் பேசித்தானே பழக்க வேண்டியிருக்கிறது? அம்மா சொன்னது ஒருவகையில் சரிதான், சாமி சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை அவரிடமே கேட்பது விசுவாசத்துக்கு விரோதமன்று என்பதைப் பாஸ்டன் மக்களிடமிருந்து நான் அறிந்துகொண்டேன்.