எந்த லென்ஸ் சார் வேணும்?

விடியற்காலை நாலே முக்காலுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறவனுக்கு ஒன்று, சொந்த ஊரில் கல்யாணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் புத்தி பேதலித்திருக்க வேண்டும். எனக்கு மூன்றாவதாக ஒரு காரணம் இருந்தது. கேமரா!

"உங்க கழுத்துல தொங்கற அந்த வினை" என்பாள் என் மனைவி. நிக்கான் டி3400. செகண்ட் ஹேண்ட். கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் தாவிவிட்டதால், டி.எஸ்.எல்.ஆர். வைத்திருந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு அதுதான் சுபமுகூர்த்தம். கூடவே 18-55 லென்ஸ் ஒன்று வந்தது. தாம்பூலப் பையில் தேங்காய் மாதிரி, கேமராவோடு சேர்ந்தே வருவது. கிட் லென்ஸ் என்று பெயர்.

ஆறு மாதம் அதை வைத்தே ஓட்டினேன். ஏழாவது மாதம் வியாதி ஆரம்பித்தது. இன்னொரு லென்ஸ் வேண்டும். என்ன லென்ஸ்? தெரியாது. ஆனால் வேண்டும்! மனைவி கட்டி வந்த சீட்டில் 25,000 ரூபாய் கைக்கு வந்த நேரம். அவளை எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்பது தனிக் கட்டுரை.

கடையில் போய் நின்றேன். "எந்த லென்ஸ் சார் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"நல்ல லென்ஸா ஒண்ணு குடுங்க."

மருந்துக் கடையில் போய் 'நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க' என்றால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தார். "என்ன எடுக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க சார்."

முடிவு பண்ணத்தான் இந்த வேடந்தாங்கல் பயணம். ஜனவரி முதல் வார ஞாயிறு. காரை ஓட்டியவர் பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பர். முன் ஸீட்டில் அப்பா. 68 வயது. "சின்ன வயசுல பார்த்ததுடா, நானும் வர்றேன்" என்று ஸ்வெட்டரும் மப்ளருமாகக் கிளம்பிவிட்டார்.

செங்கல்பட்டு தாண்டும்போது அப்பா கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். "எதிர வர்ற லைட்டு ஒவ்வொண்ணும் சூரியகாந்திப் பூ மாதிரி விரிஞ்சு தெரியுதுடா."

"ஹை பீம் போட்டிருப்பாங்கப்பா" என்றேன். என் கவனமெல்லாம் பறவை மேல்.

படாளம் கூட்டு ரோட்டில் திரும்பினால் அப்புறம் வயல்காடுதான். வேடந்தாங்கல் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடுகிறது. ஆயிரம் குழந்தைகள் ஒரே நேரத்தில் பல்லாங்குழி ஆடினால் எப்படி இருக்கும், அப்படி. கூடவே ஒரு வாசனை. (வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன்!)

மொத்தம் 30 ஹெக்டேர் ஏரிதான். தண்ணீருக்குள் நீர்க்கடம்பு மரங்கள். ஒவ்வொரு மரமும் ஒரு அபார்ட்மென்ட். மாடிக்கு மாடி குடித்தனம். நத்தை குத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், வக்கா, கரண்டிவாயன், கூழைக்கடா... வாடகைத் தகராறு நாள் முழுக்க நடக்கிறது.

இந்தப் பறவைகளை முதலில் காப்பாற்றியது சர்க்கார் இல்லை, ஊர்க்காரர்கள். வெள்ளைக்கார சிப்பாய்கள் பொழுதுபோக்குக்காகச் சுட்டுத் தள்ளியபோது, ஊரே திரண்டு செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் நின்றது. 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே வாங்கிவிட்டார்கள். பாசம் மட்டுமல்ல, கணக்கும் உண்டு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அது உரம் போட்ட மாதிரி. தங்களுக்கு எது தேவை என்று 200 வருஷத்துக்கு முன்பே தெளிவாக இருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் ஒரு லென்ஸ் விஷயத்தில் தெளிவில்லை.

ஏரிக்கரை மேல் நின்று 55-க்குத் திருகி, முதல் படம் எடுத்தேன். பார்த்தேன். மரம் இருந்தது, தண்ணீர் இருந்தது, நடுவில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. அதுதான் கூழைக்கடா!

நண்பர் சிரித்தபடி பையைத் திறந்தார். 150-600 லென்ஸ். ரெண்டு கிலோ எடை. ரேஷன் கடையில் கொடுத்திருந்தால் இரு கை ஏந்தி வாங்கியிருப்பேன். "இது என் கேமராவுக்கும் சேரும், உங்க கேமராவுக்கும் சேரும். மாட்டிப் பாருங்க" என்றார். மாட்டினேன். கூழைக்கடாவின் கண் தெரிந்தது. அடுத்த விநாடி அது ஆடியது. ஏரியே ஆடியது.

"எண் கூடக் கூட தூரம் கிட்ட வரும் சார். ஆனா கை நடுக்கமும் சேர்ந்து பெரிசாகும். 300-ல எடுத்தா விநாடியில ஐந்நூறுல ஒரு பங்கு வேகமாவது வேணும். 600-னா ஆயிரத்துல ஒரு பங்கு. அதுக்கு வெளிச்சம் வேணும்."

ஆரம்பக்காரனுக்கு 70-300 போதும் என்றார். கரையோர மரங்கள் அதிலேயே பிடிபடும். வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டுமாம். நிக்கானில் அந்த லென்ஸே இரண்டு தினுசு. ஒன்றில் நடுக்கத்தைச் சமாளிக்கும் வி.ஆர். உண்டு, மற்றதில் கிடையாது. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்தால் அது தம்பிதான்!

அப்பா தூரத்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுதாப்பா?" என்றேன்.

"வெள்ளையா இருக்குடா. பூ பூத்திருக்கா?"

பூ இல்லை. நாற்பது ஐம்பது சங்குவளை நாரைகள். மஞ்சள் அலகும், வால் பக்கம் ரோஸ் கலருமாக நிற்கின்றன. அப்பாவுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

நண்பர் சத்தமில்லாமல் ஒரு நாரையை எடுத்து, கேமரா ஸ்கிரீனில் பெரிசாக்கி அப்பா மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினார். "அட! மூக்கு மஞ்சளா இருக்கே!" என்றார் அப்பா. அப்புறம் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். 'ஹை பீம்' என்று சொன்னது ஞாபகம் வந்தது.

திரும்பும்போது நண்பர் ஒரு யோசனை சொன்னார். "லென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி உங்க படங்களை ஆடிட் பண்ணுங்க. ஒவ்வொரு படத்துலயும் எத்தனை மி.மீ., எவ்வளவு வேகம்னு பதிவாகியிருக்கும்."

பி.காம். படித்தவனிடம் ஆடிட் என்று சொல்லலாமா? அன்று ராத்திரியே பேரேடு போட்டுவிட்டேன். மொத்தம் 640 படம். பறவை, மிருகம் 41. மிச்சத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் எடுத்தவை. குழந்தை, சமையல்கட்டு, வளைகாப்பு, அப்பா பேப்பர் படிப்பது. பெரும்பாலும் 35 மி.மீ. பக்கம். வெளிச்சம் போதாமல் கலங்கியது பாதி.

ஆக, எனக்கு வேண்டியது தூரத்து லென்ஸே இல்லை. 35 மி.மீ., எஃப் 1.8. ஸூம் கிடையாது, முன்னே பின்னே நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் கிட் லென்ஸ் அந்த இடத்தில் வாங்குகிற வெளிச்சத்தைப் போல ஆறு மடங்கு வாங்கும். விலையும் குறைவு. டி3400 மாதிரி ஆரம்ப மாடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால், 'ஏஎஃப்-எஸ்' மாதிரி தனக்குள்ளேயே மோட்டார் உள்ள லென்ஸ்தான் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 'டி' ரகத்தை வாங்கினால் ஆயுள் முழுக்கக் கையால் திருக வேண்டியதுதான். பழசு வாங்குகிறவர்கள் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது ஃபங்கஸ். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பொங்கல் கழிந்த மறுநாள் லென்ஸ் வாங்கப் போனேன். கேமரா கடைக்கு இல்லை. கண் ஆஸ்பத்திரிக்கு. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் நன்றாகவே முற்றியிருந்தது.

கவுன்டரில் இருந்த பெண் ஒரு விலைப் பட்டியலை நீட்டி, "எந்த லென்ஸ் சார் வேணும்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அதே கதைதான் இங்கேயும். ஒரே தூரத்துக்குத் தெளிவாகத் தெரிகிற லென்ஸ் ஒன்று. கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி போட வேண்டும். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து இன்னொன்று. விலை ஜாஸ்தி. சிலருக்கு ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியுமாம்.

"என்ன பார்க்கணும் அவருக்கு? அதைச் சொன்னா முடிவு பண்றது சுலபம்" என்றாள் அந்தப் பெண். கேமரா கடைக்காரரின் தங்கையோ என்னவோ!

அப்பாவே பதில் சொன்னார். "தூரம் தெரியணும்மா. பேப்பருக்குக் கண்ணாடி போட்டுக்கறேன். நாப்பது வருஷமா போட்டது மூக்குக்குப் பழகிப்போச்சு."

சீட்டுப் பணத்தில் மிச்சம் 3,400 ரூபாய். மனைவி எண்ணி வாங்கி உள்ளே வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் லென்ஸ் வாங்கியதற்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிப்ரவரி கடைசியில் மறுபடி வேடந்தாங்கல். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்த அப்பா கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக ஏரிக்கரையில் நின்றார், பழைய சினிமா சி.ஐ.டி. மாதிரி. "அந்த நடு மரத்துல மூணாவது கிளையைப் பாருடா. குஞ்சு வாயைத் திறக்குது!"

எனக்குத் தெரியவில்லை. கேமராவில் பார்த்தேன். அதே 18-55. அதே முற்றுப்புள்ளி.

"எடுத்தியா?" என்றார் அப்பா.

"லென்ஸ் போதாதுப்பா."

அவர் ஏரியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "எனக்குப் போதும்டா" என்றார்.

கேமராவை மரத்திலிருந்து அவர் பக்கம் திருப்பினேன். அதற்கு கிட் லென்ஸே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.