எண்ணெய்க் கணக்கு

முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் மொழியோடு கணக்கும் கற்பித்தவன் நான். அந்தக் கணக்கறிவைக் கொண்டே ஒரு நேர்மையான மனிதரை எண்ணெய்த் திருடர் என்று முடிவு கட்டினேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் மூடி வைப்பது அதனினும் கூச்சம் தருகிறது.

என் தமையனார் ஜார்ஜ் டவுனின் குட்டி இந்தியாப் பகுதியில் வாழையிலையும் தேங்காயும் விற்பவர். திருமணப் பந்தல்களுக்கும் கோயில் மடைப்பள்ளிகளுக்கும் அவர் கடையிலிருந்துதான் சரக்குப் போகும். சரக்கேற்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி உண்டு. அதனைப் பதினோர் ஆண்டுகளாக ஓட்டியவர் பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஒருவர். தமையனார் அவரைத் 'தம்பி' என்பார். என்னை அவர் 'சார்' என்பார். என் வகுப்பில் அவர் மகள் படித்திருந்தாள்.

2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஒரே இரவில் ஏறியது. சபா, சரவாக், லாபுவான் ஆகிய இடங்களில் அன்று பழைய விலையே நீடித்தது. இலைக்கட்டு ஒன்றில் சில காசுகளே இலாபம் பார்க்கும் என் தமையனார், அன்று மாலை பற்றுச்சீட்டுகள் நிறைந்த பிஸ்கட் தகரத்தை என் முன் வைத்து, "நீதான் படித்தவன், பார்" என்றார்.

பார்த்தேன். மே மாதத்தில் வண்டி ஓடியது 2,400 கிலோமீட்டர். குடித்தது 252 லிட்டர். வண்டி வாங்கியபோது கொடுத்த விளம்பரத் தாளோ நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் என்றது. அப்படியாயின் 168 லிட்டர் போதும். எஞ்சிய 84 லிட்டர் எங்கே? புதிய விலையில் அது 281 ரிங்கிட் 40 சென்.

அவசரப்படவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் வண்டியில் அவருடன் அமர்ந்து, துன் சார்டோன் மலைச்சாலை வழியே பாலிக் பூலாவ் சென்றேன். முகப்புப் பலகையில் தெரியும் எண்களைக் குறித்துக்கொண்டேன். ஏற்றத்தில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர். மறுபக்கத்து இறக்கத்தில் 20. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 14. அதாவது நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஏழு லிட்டர். விளம்பரத் தாள் சொன்னது சரியாகிவிட்டது! ஓட்டுநர்தான் பொய்யர் ஆனார்.

கடையில் வைத்துக் கேட்டேன். திருடினாயா என்று கேட்கவில்லை. கணக்கு இடிக்கிறதே என்றுதான் கேட்டேன். அவர் என் நோட்டுப் புத்தகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "சார், சரக்கு இறக்க நிக்கிற நேரமெல்லாம் இதுல எங்க இருக்கு?" என்றார். நான் விடை சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் சாவியைத் தமையனாரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு தமையனார் மகன் ஓட்டினான். முதல் முழு மாதத்தில் 2,350 கிலோமீட்டர், 251 லிட்டர். நூறு கிலோமீட்டருக்குப் பத்தரை லிட்டருக்கும் மேலே! எங்கள் வீட்டுப் பிள்ளை எண்ணெய் திருடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வேறுபாடு என்னைச் சுட்டது.

மீண்டும் உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்தால் நான் சிவப்பு மையால் வட்டமிடும் பிழையை நானே செய்திருந்தேன். பத்துக் கிலோமீட்டர் ஏற்றத்துக்கு 1.25 லிட்டர், பத்துக் கிலோமீட்டர் இறக்கத்துக்கு 0.5 லிட்டர். இருபது கிலோமீட்டருக்கு 1.75 லிட்டர். அப்படியானால் லிட்டருக்கு 14 அன்று, பதினொன்றரைக்கும் குறைவு. நூறு கிலோமீட்டருக்கு எட்டே முக்கால் லிட்டர். தூரத்தை எண்ணெயால் வகுத்த எண்களைச் சராசரி எடுக்கலாகாது. செலவான எண்ணெயைத்தான் கூட்ட வேண்டும். இறக்கம் ஏற்றத்தின் செலவைத் திருப்பித் தரும் என்று நம்பியதும் பேதைமையே. அதில் பெரும்பகுதி பிரேக்கின் சூடாகக் காற்றில் கலந்துவிடுகிறது.

விளம்பரத் தாளின் ஏழு லிட்டரும் பொய்யன்று. அது வேறொரு வாழ்க்கையின் கணக்கு. 2017 வரை ஐரோப்பாவில் புதிய வண்டிகளுக்கு வழக்கிலிருந்த சோதனையில், ஆய்வுக்கூடத்து உருளைகளின்மேல் வண்டியை நிறுத்தி, குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, இருபது நிமிடத்தில் பதினொரு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுவார்கள். அங்கே துன் சார்டோன் சாலை இல்லை. எழுநூறு கிலோ தேங்காயும் இல்லை. சுமையுடன் 2.7 டன் எடையுள்ள வண்டி நூறு மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டுமே கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான டீசல் வேண்டும். டீசலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தானே இயந்திரம் உழைப்பாக மாற்றுகிறது! பெருநிலத்து நெடுஞ்சாலையில் மணிக்கு எண்பதிலிருந்து நூற்றுப்பத்துக்கு விரட்டினால், காற்றின் தடை ஏறக்குறைய இரு மடங்காகும். என் அண்ணன் மகன் விரட்டுகிறவன். போனவரோ எண்பதைத் தாண்டியதில்லை.

நிற்கும் நேரத்தை என் நோட்டில் காணோம் என்றாரே, அதையும் பார்த்தேன். ஒரு வாரம் வண்டியில் கூடவே சென்றேன். குட்டி இந்தியாவின் நெரிசலிலும், மண்டபங்களின் பின்வாசலிலும், இலை வாடாதிருக்க வண்டியை நிழல் தேடி நகர்த்தியும், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் இயந்திரம் வெறுமனே ஓடியது. மாதத்தில் இருபத்தாறு நாள். முப்பத்தொன்பது மணி நேரம். மணிக்கு முக்கால் லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் 29 லிட்டர் ஆகிறது. மலைச்சாலைக் கணக்கின்படி 210, நின்ற கணக்கில் 29. 252இல் மீதம் 13 லிட்டர். தோராயமான கணக்குத்தான், ஆனால் சுமையை இன்னும் சேர்க்கவில்லை. திருட்டுக்கு அதில் இடமே இல்லை.

நோட்டுடன் படகேறினேன். 2021 முதல் பினாங்குப் படகுகளில் கார்கள் செல்வதில்லை. பயணிகளும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே. கரை நெருங்க நெருங்க, சொல்ல வேண்டியதை ஒப்பித்துக்கொண்டே போனேன்.

அவர் வீட்டில்தான் இருந்தார். பிறையில் ஒரு லோரி ஓட்டுவதாகச் சொன்னார். மகள் கல்லூரியில் படிக்கிறாளாம். நான் நோட்டைத் திறந்து வகுத்தலைக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. தேநீரை என் பக்கம் நகர்த்தினார். திரும்பி வேலைக்கு வருவீர்களா என்று கேட்கத் துணிவில்லை, கேட்டேன். "வேணாம் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை.

வாசல்வரை வந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம், "பின்னால இடது டயர்ல காத்து மெதுவா இறங்கும் சார். வாரம் ஒரு தடவை பார்க்கணும். தம்பிகிட்ட சொல்லலையே" என்றார்.

அன்றிரவே எண்ணெய் நிலையத்தில் காற்றை அளந்து பார்த்தேன். பாதிதான் இருந்தது.