நீருக்குள் ஒரு சிறகு

அலைமீது பலகையொன்றில் நின்றவாறு சறுக்கி வரும் விளையாட்டைப் படத்திலேனும் பார்த்திராதவர் நம்மில் குறைவு. ஆனால் அந்தப் பலகை தண்ணீரைத் தொடாமல், முழங்கால் உயரத்தில், ஓசையின்றி மிதந்து வருவதைக் கண்டவர் சிலரே. பலகையின் அடியில் முக்கால் மீட்டர் நீளமுள்ள தண்டொன்று இறங்கியிருக்கும். அதன் நுனியில், நீருக்குள் மறைந்தபடி, விமானத்தின் இறக்கையையொத்த ஒரு சிறகு. ஹைட்ரோஃபாயில் என்று இதற்குப் பெயர். வேகம் பிறந்ததும் சிறகு ஆளையும் பலகையையும் நீருக்கு மேலே தூக்கிவிடுகிறது.

இது நேற்றுப் பிறந்த எண்ணமன்று. 1906இல் இத்தாலியின் மஜோரே ஏரியில் ஃபோர்லானினி என்பவர் இத்தகைய படகைச் செலுத்திக் காட்டினார். தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் குழுவினர் செய்த சிறகுப் படகு, 1919இல் கனடாவில் மணிக்கு ஏறத்தாழ 114 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. சிறகு அலைப்பலகைக்கு வந்தது பல பத்தாண்டுகள் கழித்து, ஹவாய்த் தீவுகளின் கடல் வீரர்களால். இன்று கடைகளில் வாங்கலாம். விலையைக் கேட்டால் நம் குடும்பத் தலைவர்கள் தலையில் கைவைத்துக்கொள்வர். ஆகவே வீட்டிலேயே செய்துகொள்ளும் இளைஞர் கூட்டமொன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாழும் என் மகள் வயிற்றுப் பேரன் அக்கூட்டத்தைச் சேர்ந்தவன். நான் அங்கே தங்கியிருந்த மாதங்களில், கார் நிறுத்தும் கொட்டகையில் அவன் செய்த சிறகின் கதை இது.

அவன் வரைந்த சிறகின் பரப்பு 1200 சதுர சென்டிமீட்டர். கடிதம் எழுதும் ஏ4 தாள்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கமாக வைத்தால் அவ்வளவுதான். அதன்மேல் ஒரு மனிதன் நிற்பதாவது என்று நான் சிரித்தேன். கடல்நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது என்பதை அவன் நினைவூட்டினான். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரு தாள்களே 65 கிலோ எடையுள்ள அவனைத் தாங்கும். வேகம் இரட்டித்தால் தூக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய பின்னர் நான் சிரிக்கவில்லை.

சிறகின் உள்ளீடு பாலோனியா என்னும் இலேசான மரம். அட்டை வார்ப்புகளை வைத்து வைத்துப் பார்த்து, முன்விளிம்பு பருத்தும் பின்விளிம்பு மெலிந்தும் வருமாறு அவன் இழைத்த நாள்கள் பல. அதன்மேல் கார்பன் இழைத் துணியை எப்பாக்ஸிப் பிசினில் நனைத்து அடுக்கடுக்காகப் போர்த்த வேண்டும். இழைகள் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை ஓடினால் சிறகு வளையாது. சில அடுக்குகள் குறுக்காகச் சாய்ந்து ஓடினால் முறுக்கிக்கொள்ளாது. ஆள் ஏறி நிற்கையில் சிறகின் நுனிகள் மேல்நோக்கி வளைவதால், அடிப்பக்கம் இழுபடும், மேற்பக்கம் நெரிபடும். கார்பன் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு நெரிசலைத் தாங்காது. எனவே மேற்பக்கத்துக்கு அடுக்குகள் கூடுதல். பிறகு எல்லாவற்றையும் நெகிழிப் பையிலிட்டுப் பம்பினால் காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்றே பை முழுவதையும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

பிசினையும் அதை இறுகச் செய்யும் திரவத்தையும் எடை பிசகாமல் கலப்பதற்காக அடுக்களைத் தராசு கொட்டகைக்குப் போயிற்று. அது திரும்பி வரவேயில்லை, மகள் வேறு வாங்கிக்கொண்டாள். இந்தப் பிசின் தோலில் படப்பட, ஒவ்வாமை ஏற்பட்டு, வாழ்நாள் முழுதும் அதைத் தொடவே முடியாமற் போனவர்கள் உண்டு. ஆகவே கையுறையும் முகமூடியும் இல்லாமல் கொட்டகைக்குள் எவரும் நுழையக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். எனக்கும் விலக்கில்லை.

முதற்சிறகு கருமை மின்ன வெளிவந்தபோது அதன் அழகில் நானே மயங்கினேன். மகள் மயங்கவில்லை.

"வாப்பா, கத்தி மாதிரி இருக்கிற இது தண்ணிக்குள்ளே முறிஞ்சா, புள்ளையோட கதி என்ன? நீங்களாவது சொல்லக்கூடாதா?"

நான் சொல்லுமுன் அவனே எழுந்தான். சிறகின் இரு பாதிகளுக்கும் அடியில் கட்டைகளை வைத்து, நடுவில் பலகையிட்டு, இருபது கிலோ மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினான். பத்து மூட்டை ஏற வேண்டும், அதாவது அவன் எடையைப்போல் மூன்று மடங்கு. அலையில் விழுந்தெழும்போது அவ்வளவு சுமை வரக்கூடும் என்பது அவன் கணக்கு. ஏழாம் மூட்டையில் 'படக்' என்றது. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை, தொழுகை முடிந்து வந்தபோது, இரண்டு மாத உழைப்பை வாளால் குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தான். அறுத்த வாயில் காரணம் தெரிந்தது: மேற்பக்கத் துணியில் ஒரு மடிப்பு, மடிப்பின்கீழ் மரத்தோடு ஒட்டாத நூலளவு இடைவெளி. அந்தத் துண்டை எடுத்துப்போய்த் தாயிடம் காட்டினான். அவள் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "அடுத்ததைச் செய்" என்றாள். அதுவரை அவள் அந்த வேலைக்கு ஒப்புதல் சொன்னதேயில்லை.

இரண்டாம் சிறகு பத்து மூட்டைகளையும் தாங்கியது. கடலுக்குப் போக அவசரப்பட்டவன், பின்சிறகுக்குக் கிடைத்த மரத்துண்டொன்றைச் சீவிப் பூட்டப் பார்த்தான். பெரிய சிறகுக்குப் பின்னால், அதே தண்டில், உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னச் சிறகும் உண்டு. அது தூக்குவதற்கன்று, சற்றே கீழ்நோக்கி அழுத்தி, முன்சிறகு தலைகுப்புறக் கவிழாமல் நிறுத்துவதற்கு.

நான் அவனை உட்காரவைத்து, அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அவ்வறிஞர், உடலில் இறகுகளைப் போர்த்திச் சிறகுகள் பூட்டி, உயரத்திலிருந்து பாய்ந்து சிறிது தூரம் பறந்தார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும், பறவைகள் வாலைக்கொண்டே தரையிறங்குகின்றன என்பதை அவர் எண்ணவில்லை என்றும் பல நூற்றாண்டுகள் கழித்து அல்மக்கரீ எழுதிவைத்தார். 887இல் மறைந்த அவர் பெயரைச் சந்திரனில் ஒரு பள்ளத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். பள்ளத்தைவிட அந்த வால்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

"அவருக்கு வால் இருந்திருந்தா, அப்பா?" என்றான் பேரன்.

"முதுகு தப்பியிருக்கும்."

பின்சிறகுக்கு மேலும் பத்து நாள் ஆயிற்று. அதன் சாய்வை அரைப் பாகை மாற்றவே, தாளைவிடச் சற்றுத் தடித்த நெகிழித் தகடுகளைப் பல அளவில் வெட்டி வைத்துக்கொண்டான். கார்பனும் அலுமினியமும் உப்புநீரில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரித்துவிடும் என்பதால், இணைப்பில் கண்ணாடி இழைத் துணியையும் ஒட்டினான்.

கடற்கரைக்கு நாங்கள் மூவரும் சென்றோம். தண்டின் நீளத்தைவிட ஆழமான இடம் பார்த்து, ஆட்கள் குளிக்கும் பகுதியை விட்டு விலகிப் போனான். இரண்டு முறை விழுந்தான். மூன்றாம் அலையில் பலகை நீரைவிட்டு எழுந்தது. பலகை நீரில் மோதும் சலசலப்பு சட்டென நின்றது. பத்து விநாடி இருக்கலாம். மகள் என் கையைப் பற்றியிருந்த பிடி வலித்தது.

கரையேறியவன் முதலில் சொன்னது மகிழ்ச்சிச் செய்தியன்று. வேகம் கூடும்போது சிறகு வண்டுபோல் ரீங்கரிக்கிறதாம். பின்விளிம்பு தடித்திருப்பதால் வரும் அதிர்வு அது. வீட்டுக்கு வந்ததும் முகமூடியை மாட்டிக்கொண்டு, உப்புத்தாளை நனைத்து, அந்த விளிம்பைச் சரிவாகத் தேய்க்க உட்கார்ந்தான். மகள் விளக்கைப் பிடித்துக்கொண்டாள்.