ஒரே எடை, இரண்டு மூட்டை

போடிநாயக்கனூர்தான் என் ஊர். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அதனால் பல பெண்கள் கூலி இழந்தார்கள். ஒருவர் பெயர் கெட்டது. தவறு முழுக்க என்னுடையது.

வேலை சின்னது. விடியலில் ஜீப்பில் மலையேறும் பெண்கள், மாலையில் பச்சைக்காயை ஸ்டோரில் எடை போடுவார்கள். குறித்த எடைக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு. பெயர், தேதி, எடை, அவ்வளவுதான். கணக்கப்பிள்ளையின் நோட்டில் அது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

இதற்கு எஸ்க்யூலைட் போதும். 2000-இல் வந்த தரவுத்தளம். எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே இருக்கிறது. சிக்னல் வேண்டாம். தெரிந்தேதான் அதை ஒதுக்கினேன். எடைக்கு ஒரு சேவை, கூலிக்கு ஒன்று, அறிக்கைக்கு ஒன்று என்று மென்பொருளை உடைத்தேன். அவற்றை நிர்வகிக்கக் குபர்நெட்டிஸ் வைத்தேன். கூகுள் 2014-இல் வெளியிட்ட அது, ஏராளமான சர்வர்களை ஆள்வதற்கானது. தோட்டத்தில் இருந்தது ஒரு தராசு. பெங்களூரு நேர்காணலில் சொல்ல எனக்கு அந்தப் பெயர்கள் வேண்டியிருந்தன. வேறு காரணம் இல்லை.

மழை பிடித்தால் மலையில் சிக்னல் போய்விடும். சர்வரிலிருந்து பதில் வராவிட்டால், எடை பதியும் போன் அதே எடையைத் திரும்ப அனுப்பும். அதைத் தடுக்க ஒரு விதி எழுதினேன்: ஒரே ஆள், ஒரே எடை, அடுத்தடுத்து வந்தால் இரண்டாவதைத் தள்ளிவிடு. ஒரு பெண் 12 கிலோ மூட்டை இரண்டு கொண்டுவந்தால் என்ன ஆகும்? நான் யோசிக்கவில்லை. ஒவ்வோர் எடைக்கும் தனி எண் கொடுத்திருந்தாலே போதும். தராசருகே ஒரு மாலைகூட நான் நின்றதில்லை.

கூலி குறைகிறது என்று பெண்கள் சொன்னார்கள். “கம்ப்யூட்டர் தப்பாப் போடாதுக்கா” என்றேன்.

சந்தேகம் கணக்கப்பிள்ளை மேல் விழுந்தது. வேண்டாதவர்களுக்குக் குறைத்துப் போடுகிறார் என்று பேச்சு. பிழை எங்கே என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வரவேண்டிய பாக்கிப் பணம் வராதே என்று பயந்தேன். சத்தமில்லாமல் விதியை மாற்றினேன். வாய் திறக்கவில்லை. அவர் வேலையை விட்டுப் போனார். தீர்ப்புச் சொல்பவர்கள் முதலில் இதைக் கணக்கில் எடுங்கள்.

பிறகுதான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். தள்ளிய எடைகளை மென்பொருள் சேமிக்கவில்லை. நோட்டையும் நான்தான் நிறுத்தச் சொல்லியிருந்தேன். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

கணக்கப்பிள்ளை ஒரு கிலோவைக்கூடக் குறைத்துப் போடவில்லை. குறைத்தது நான்.