வறுக்காத கொத்தமல்லி

எங்கள் வீட்டில் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டால், அம்மா எங்களைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவாள். அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். பகலில் பியூனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேறு ஆள். 52 வயதில் கல்லீரல் கெட்டு இறந்துபோனார். மதுவைப் பற்றி எனக்கு ஒரே ஓர் அபிப்பிராயம்தான் இருந்தது.

கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக பெல்ஜியத்தில் லூவன் நகருக்குக் குடிபோனோம். ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "கொஞ்சம் கொத்தமல்லி விதை கிடைக்குமா? இடித்துத் தந்தால் நல்லது" என்றார். அம்மா திருச்சியிலிருந்து அனுப்பிய பொட்டலம் இருந்தது. கை பழக்கம், வாணலியில் வாசம் வர வறுத்து, மிக்ஸியில் நைசாகப் பொடித்து எடுத்துப் போனேன். அங்கே அடுப்பில் பெரிய பாத்திரம் நிறைய பீர் கொதித்துக்கொண்டிருந்தது.

வாசலிலேயே நின்றுவிட்டேன். நம் ஊரில் இப்படிக் காய்ச்சினால் போலீஸ் வரும். அங்கே வீட்டு உபயோகத்துக்குத் தடையில்லை. திரும்பிப் போயிருப்பேன். ஆனால் அந்தச் சமையலறையில் நான் பயந்த நெடி இல்லை. கஞ்சி வாசனைதான் இருந்தது. அவருடைய மனைவி மேஜையருகே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கலவரம் எதுவும் இல்லை. நான் உள்ளே போனதற்கு அதுதான் காரணம்.

அவர் செய்தது 'விட்' பீர். அந்த ஊர் மொழியில் 'விட்' என்றால் வெள்ளை. முளைகட்டி உலர்த்திய பார்லியும் முளைகட்டாத பச்சைக் கோதுமையும் ஏறக்குறையச் சரிபாதி. 20 லிட்டருக்கு இரண்டும் சேர்ந்து நாலரை கிலோ, ஒரு பிடி ஓட்ஸ். நொறுக்கிய தானியத்தை 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். வடிகட்டுவதுதான் பெரும்பாடு, கோதுமை பசையாக ஒட்டிக்கொள்ளும். வடித்ததை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை அளவாகப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, இறக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கொத்தமல்லியும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும். தோல் சாதாரண ஆரஞ்சினுடையது அல்ல, நம் நார்த்தங்காய்க்கு உறவான கசப்பு ஆரஞ்சு. பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து ஒரு வாரம் புளிக்க விடுவார். பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஏழு கிராம் சர்க்கரை. கூடினால் பாட்டில் வெடிக்கும்.

என் பொடியை முகர்ந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்தார். குடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அறை முழுக்க ரச வாசனை!

"வறுத்தீர்களா?" என்று சிரித்தார். வறுத்தால் விதையிலுள்ள எலுமிச்சை வாசம் போய்விடும். அவருக்கு வேண்டியது அதுதான். பொட்டலத்தில் மீதியிருந்ததை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். ஐரோப்பிய விதை சிறிய உருண்டை. நம்முடையது நீளவாட்டில் பெரிது, எலுமிச்சை மணம் தூக்கல். "இது இன்னும் நல்லது" என்றார். அடுத்த தடவை பச்சையாக, இரண்டாக உடையும்படி மட்டும் இடித்துக் கொடுத்தேன். 20 கிராம்.

அந்த இரண்டாவது சமையலின்போதுதான் பியேர் செலிஸ் கதையைச் சொன்னார். லூவனுக்குத் தென்கிழக்கே ஹூகார்டன் என்று ஒரு சிற்றூர். இந்த வெள்ளை பீருக்குப் பேர்போன இடம். 1950களில் கடைசி ஆலையும் மூடப்பட்டு, அந்த பீரே ஊரிலிருந்து மறைந்துபோனது. செலிஸ் பால்காரர். சிறு வயதில் அந்த ஆலையில் கூடமாட வேலை செய்தவர். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு 1960களின் நடுவில் மறுபடியும் காய்ச்ச ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்க விற்கிறது. 2011-இல் அவர் இறந்தார்.

அங்கேயும் குடிகாரர்கள் உண்டு. ரயிலடியில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெரியவர் ஒரு பாட்டிலைத் திறந்து, மனைவிக்குப் பாதி ஊற்றி, கலங்கலான அடிப்பகுதியைச் சுழற்றித் தனக்கு ஊற்றிக்கொள்வார். அவ்வளவுதான். அடுத்த பாட்டில் அடுத்த நாள்.

கொத்தமல்லி அதற்குள் தீர்ந்ததா என்று அம்மா போனில் கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன். நீண்ட நேரம் சத்தமே இல்லை.

"அந்த வீட்டு அம்மா ராத்திரி நிம்மதியாத் தூங்குறாங்களா?"

"தூங்குறாங்கம்மா. அவர்கூட உட்கார்ந்து அவங்களும் அரை டம்ளர் குடிப்பாங்க."

"ஓஹோ" என்றாள். பேச்சை மாற்றிவிட்டாள். அடுத்த மாதம் வந்த பார்சலில் கொத்தமல்லி ஒரு கிலோ இருந்தது.

இரண்டாவது பீரில் நானும் ஒரு வாய் குடித்தேன். லேசான புளிப்பு, பின்னால் நார்த்தங்காய் வாசம். அதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.