வில்லோடு கட்டிய அம்பறாத்தூணி

அம்பறாத்தூணி என்றதும் நமக்குக் காலண்டர் ராமர்தான் நினைவுக்கு வருவார். தோளுக்குப் பின்னால் அம்புகள் எட்டிப் பார்க்கும். மிச்சிகன் காட்டில் மான் வேட்டைக்குப் போகிறவருக்கு அது சரிப்படாது. குனிந்தால் அம்பு கொட்டும். நடந்தால் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும். தோளுக்கு மேல் கையைத் தூக்கினாலே மான் பார்த்துவிடும். அதனால் இங்கே பழைய பாணி வில் பிடிக்கிறவர்களில் பலர் தூணியை வில்லிலேயே கட்டிக்கொள்கிறார்கள். இந்த வழக்கம் பரவியதில், கிரேலிங் ஊரில் வில் தொழிற்சாலை நடத்திய ஃபிரெட் பேர் (Fred Bear) என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் பக்கத்தில், ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் நடக்கும் பட்டறைக்குப் போயிருந்தேன். மூன்று பேர்தான். அறுபதைத் தாண்டிய உரிமையாளர், தைக்கும் மகள், தோல் வெட்டும் இளைஞர் ஒருவர். உள்ளே நுழைந்ததும் மரப்பட்டையில் பதனிட்ட தோலின் வாசம். வாணியம்பாடியில் வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் போகுமா? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு நம்மூரில் பதனிட்ட தோலுக்கும் இதே குணம்தான். நனைத்து வார்த்தால் காய்ந்தபின் அந்த வடிவத்திலேயே நிற்கும். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் வடிவம் பிடிக்காது.

தூணியில் இரண்டு பாகங்கள். மேலே அம்பு முனைகளை மூடும் குல்லா, கீழே அம்பின் தண்டைக் கவ்வும் பிடி. இரண்டையும் வாரால் வில்லின் கைகளில் கட்டுகிறார்கள். வில் அதிகம் வளையாத இடமாகப் பார்த்துக் கட்ட வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் எய்யும்போது தூணி ஆடும். அம்புகளின் இறகுகள் ஒன்றையொன்று தொடாதபடி பிடியில் இடைவெளி விடுகிறார்கள்.

வேலையெல்லாம் குல்லாவில்தான். தோலின் கனத்தை இங்கே அவுன்ஸில் சொல்கிறார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. குல்லாவுக்கு 8 அவுன்ஸ் தோல், அதாவது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வெட்டிய துண்டைத் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நின்றதும் எடுத்து, மர அச்சின் மேல் வைத்து அழுத்துகிறார்கள். வெயிலில் காயவைப்பதில்லை, விறைத்துப்போகும். பிறகு மகளின் கைக்குப் போகிறது. குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்து இழுக்கிறார். மெஷின் தையலில் ஓரிடம் அறுந்தால் மேலும் பிரிந்துகொண்டே போகலாம். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும்.

அவ்வளவு கவனம் வேண்டுமா என்று கேட்டேன். உள்ளே இருப்பது சவரக்கத்திபோல் தீட்டிய முனைகள். “இதோடுதான் நானும் காட்டுக்குப் போகிறேன். தையல் விட்டால் என் விரல் போகும்” என்றார் பெரியவர்.

முடிந்த தூணியைக் காதருகே வைத்து வாரை முறுக்கிப் பார்க்கிறார். புதுத் தோல் கிறீச்சிட்டால் மறுபடி எண்ணெய். மினுமினுப்பும் ஏற்றுவதில்லை, வெளிச்சம் பட்டுப் பளிச்சிடக் கூடாது. கடையில் வாங்குகிறவன் முதலில் தேடும் பளபளப்பைப் பாடுபட்டுத் தவிர்க்கும் தோல் வேலையை நான் இங்கேதான் பார்த்தேன்.

குறையும் உண்டு. அம்புகளின் பாரம் வில்லின் ஒரு பக்கம் இழுக்கிறது. குறி தப்பும் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். பெரியவரே மறைவிடத்தில் போய் உட்கார்ந்ததும் தூணியைக் கழற்றி அருகே வைத்துவிடுவாராம்.

குல்லாவின் அடியில் மகளின் பெயரை முத்திரையாகக் குத்துகிறார்கள். “உங்கள் ஊரில் தைக்கிறவர் பெயரை எங்கே போடுவார்கள்?” என்று மகள் என்னைக் கேட்டார். போடுவதில்லை என்றேன். ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்ணுக்கு அதை யார் போட்டுக்கொள்ளப் போகிறார் என்றும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கு அவளையும் தெரியாது. தோல் தொட்ட கையை ஊருக்கு வெளியே நிறுத்திய சாதிக் கதையையும் சொன்னேன். அவருக்கு அது பிடிபட நேரமாயிற்று. நான் அமெரிக்காவை உயர்த்திப் பேசவில்லை. இங்கேயும் தோலைப் பதனிடும் ஆலைத் தொழிலாளியின் பெயர் அந்தக் குல்லாவில் இல்லை. ஆனால் தைத்தவர் பெயராவது இருக்கிறது.

ஒரு பித்தளை முத்திரைக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்? ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பையும் பெல்ட்டும் தைத்து விற்கும் சிறு பட்டறைக்காரர்கள், உள்பக்கத்து ஓரத்திலாவது தைத்தவர் பெயரைப் பதிக்கத் தொடங்கட்டும்.